பங்களாவின் விலையும் மனையின் விலையும்

ஜூபிலி மலருக்குக் கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது நாம் சற்று யோசித்தோம். கோவிலின் வரலாற்றை எழுதப் பலர் இருக்கின்றனர். பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதவும் சிலர் இருக்கின்றனர். நம் சாமியார் பங்களாவைப் பற்றி எழுத யாரும் முன்வரமாட்டார்கள் என்று தோன்றியது. ஆகவே அதை நாம் எடுத்துக்கொண்டோம். மேலும், அடுத்த ஜூபிலிக்கு மலர் வெளிவரும்போது அந்தப் பங்களா இருக்குமா என்பது உறுதியில்லை. அதை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புவதா, பழுதுபார்த்து வைத்துக்கொள்வதா என்ற பேச்சு ஓராண்டாக நம் பங்கில் நடந்து வருவதைப் பங்கு மக்கள் அனைவரும் அறிவீர்கள்.

சென்ற ஆண்டு பங்குப் பேரவை கேட்டுக்கொண்டபடி ஒரு மதிப்பீட்டாளர் வந்தார். நாள் முழுவதும் நாடா பிடித்து அளந்தார். அவர் தந்த அறிக்கை நாலு பக்கம். மனை 6 கிரவுண்டு, அதாவது 14,400 சதுர அடி என்று எழுதி, அதற்கு எதிரே நம்மில் பலர் வாழ்நாளில் எழுதிப் பாராத ஒரு தொகையைப் போட்டிருந்தார். 'கட்டடம்' என்ற இடத்துக்கு எதிரே ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது. அதன் கீழே, பழைய தேக்குமரம், கதவு, சன்னல், இரும்பு ஆகியவற்றுக்காக இடிப்பவர் நமக்குத் தரக்கூடிய ஒரு தொகை. அவ்வளவுதான்.

அறிக்கையைக் கூட்டத்தில் வாசித்தபோது பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து, "அப்படின்னா நம்ம சாமி இத்தனை நாளா அந்தக் கோட்டுக்குள்ளேயா குடியிருக்காரு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். பங்குத் தந்தையும் சிரித்தார். ஆனால் அக்கேள்வி நம்மை விடவில்லை. அந்தக் கோடு எப்படி வந்தது? மதிப்பீட்டாளர் தவறு செய்யவில்லை. அவருடைய நூல்களில் சொல்லியபடிதான் செய்தார். ஒரு கட்டடத்துக்கு இத்தனை ஆண்டு ஆயுள் என்று வைத்து, ஆண்டுதோறும் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே வருவது அவர்கள் முறை. ஆயுள் கழிந்த வீடு, ஆள் குடியிருந்தாலும், கணக்கில் வெறும் மரமும் செங்கல்லுமே. மனைக்கு மட்டும் கழிவு கிடையாது.

ஆனால் சென்னையில் எக்காலத்திலும் கணக்கு இப்படி இருந்ததில்லை. ஒரு காலத்தில் இதற்கு நேர் எதிராக இருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தனர். வெளியே குடியிருக்க அச்சம். ஹைதர் அலியின் குதிரைப்படை 1769-லும் 1780-லும் பரங்கிமலை வரை வந்துபோயிற்று. அந்த அச்சம் தணியத் தணிய, கம்பெனி உத்தியோகஸ்தரும் வியாபாரிகளும் கோட்டையை விட்டு வெளியேறி, இன்றைய மவுண்ட்ரோட்டின் இருபுறமும், அடையாற்றங்கரையிலும், நுங்கம்பாக்கத்திலும், சேத்துப்பட்டிலும் தோட்ட வீடுகளைக் கட்டினார்கள். ஜார்ஜ் மௌப்ரே என்பவருக்கு அடையாற்றங்கரையில் கிடைத்த இடம் 105 ஏக்கர். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1,900 கிரவுண்டு! ஜேம்ஸ் பிராடி அதே ஆற்றங்கரையில் 11 ஏக்கரில் கட்டிய 'பிராடி காஸில்' இருநூறு கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு பெரிய இடங்களை அவர்கள் எடுத்துக்கொள்ள முடிந்ததன் காரணம் எளிது. அன்று இந்த மண்ணுக்கு விலை அற்பம். வீடு கட்டத்தான் பணம் வேண்டியிருந்தது.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்று அறிய நம் பங்களாவின் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தாலே போதும். கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிவது 'மெட்ராஸ் டெரஸ்'. முதலில் கனமான தேக்கு உத்தரங்கள்; அவற்றின் மேல் குறுக்கே சிறு தேக்குக் கட்டைகள்; கட்டைகளுக்கு மேல் மெல்லிய செங்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். கடைசியாகத் தட்டோடு. சுண்ணாம்பு மணலோடு அரைபட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ந்து, சில நாள் புளித்த பிறகே கொத்தனார் கரண்டியைத் தொடுவார். சுவரின் மேல்பூச்சுக்குக் கடற்சிப்பிச் சுண்ணாம்பு. அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போல் ஆக்கும் வித்தையைச் சென்னைக்கு வந்த பயணிகள் பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள். நம் பங்களாவின் மாடி ஹாலில் மேற்குச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். பின்னால் அடித்த டிஸ்டெம்பர் உதிர்ந்த இடத்தில் அந்தப் பளபளப்பு இன்றும் தெரிகிறது.

சுண்ணாம்பு வீட்டுக்கு ஒரு குணம் உண்டு. அது மூச்சு விடும். மழையில் ஈரம் வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி மூச்சை அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று உத்தரத்தின் முனையை அரிக்கும். நம் பங்களாவில் நடந்திருப்பதும் இதுவே. ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று ஒவ்வொரு முறையும் நாம் சிமெண்டு பூசினோம். ஒவ்வொரு முறையும் ஒழுக்கு அதிகமாயிற்று. வீடு தானாகக் கெட்டதென்று சொல்லுமுன் நம் கை வேலையையும் ஒப்புக்கொள்வது நியாயம்.

இனி, கணக்கு எப்படித் தலைகீழாயிற்று என்று பார்ப்போம். 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. அந்த பாங்கியில் பணம் போட்டிருந்த சென்னைக் குடும்பங்கள் பல நிலைகுலைந்தன. மறு ஆண்டு இந்தியன் பாங்கு பிறந்ததற்கும் அதுவே தூண்டுதல். சொத்துகள் கைமாறின, பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாயின. 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரியை வற்றச் செய்து தியாகராய நகரை வகுத்தபோது, ஏரித் தரையும் மனையாக விற்கும் என்பதை ஊர் கண்டது. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் ரயிலடிக்கு அருகே இருந்த மண்ணெல்லாம் பொன்னாயிற்று. 1947-க்குப் பின் வெள்ளைக்காரர்கள் கப்பலேற, மிச்சமிருந்த தோட்ட வீடுகளும் விலைக்கு வந்தன.

நம் பங்களாவைச் சுற்றியிருந்த தோட்டமும் இவ்வாறே சுருங்கியது. பழைய பத்திரத்தில் 'பங்களாவும் அதைச் சேர்ந்த தோட்டமும், பலன் தரும் மரங்களும், கிணறும்' என்று எழுதியிருக்கிறது. அந்தக் கிணறு இன்று பக்கத்து அடுக்குமாடியில் கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளில் அதில் குதித்து நீந்தியவர்கள் இன்று தாத்தாக்கள்.

அடுத்து வந்தது பிளாட் யுகம். 1970-களிலிருந்து சென்னையில் ஒரு பங்களாவை இடித்து ஒன்பது வீடு, பதினாறு வீடு கட்டுவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. வீடு வாங்குகிறவருக்குச் சுவரோடு சேர்த்து மண்ணிலும் 'பிரிக்கப்படாத பங்கு' என்று ஒரு துண்டு எழுதித் தரும் வழக்கம் வந்தது. அதற்கு மேல் தளப்பரப்புக் குறியீடு என்று ஒன்று. ஒரு மனையில் எத்தனை சதுர அடி கட்டலாம் என்று அரசு விதிக்கும் அளவு அது. சென்னையில் சாதாரணக் கட்டடங்களுக்கு அது நெடுநாள் ஒன்றரையாக இருந்தது. 2019-ல் வந்த விதிகள் அதை இரண்டாக்கின. நம் 14,400 சதுர அடி மனையில் முன்பு 21,600 சதுர அடி கட்டலாம். இப்போது, சாலை அகலமும் பக்கத்துத் திறந்தவெளியும் இடங்கொடுத்தால், 28,800 சதுர அடி. பங்களாவில் ஒரு செங்கல்லும் அசையவில்லை. ஆனால் ஓர் அரசாணையால் அது மேலும் 7,200 சதுர அடியை 'வீணாக்கும்' வீடாகிவிட்டது. கட்டட ஒப்பந்தக்காரர் நம் வீட்டைப் பார்க்கும்போது வீட்டைப் பார்ப்பதில்லை. அதன் தலைக்கு மேலே உள்ள வெறும் ஆகாயத்தைப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் தொழில் அது.

மனை மதிப்பு ஏறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக வீட்டை இடிக்கலாமா என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், கட்டடத்தை உடனே இடித்துப் புதிதாகக் கட்டும் நேர்மையான தேவை இருந்தால் குடித்தனக்காரரை வெளியேற்றலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. வாடகை ஏறாமல் மனை விலை மட்டும் ஏறிய காலத்தில், வீட்டுக்காரர்கள் பலர் அந்தக் கதவைத் தட்டினர். மவுண்ட்ரோட்டில் கடிகாரக் கோபுரத்தோடு நிற்கும் பி. ஆர் அண்ட் சன்ஸ் கட்டடத்தைப் பற்றிய வழக்கில், உச்சநீதிமன்றம் 1990-ல் குடித்தனக்காரர் பக்கம் சாய்ந்தது: கட்டடம் உடனே இடிக்கவேண்டிய நிலையில் இருந்தாலன்றி இப்பிரிவு உதவாது. ஆறாண்டு கழித்து, 1996-ல், மற்றொரு வழக்கில் அதைவிடப் பெரிய அமர்வு இதைத் தளர்த்தியது. கட்டடம் பாழடைந்தே இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் உடைமையாளரின் எண்ணம் நேர்மையானதா, கட்டடத்தின் வயதும் நிலையும் என்ன, இடித்த பிறகு புதிதாகக் கட்ட அவரிடம் பணம் இருக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்றது. அந்தச் சட்டமே 2019-ல் நீங்கிப் புதுச்சட்டம் வந்துவிட்டது. நமக்கு அந்த வழக்குகளோடு நேர்த்தொடர்பு இல்லை. நம் வீட்டில் குடித்தனக்காரர் இல்லை. எனினும் அந்த மூன்று கேள்விகளை நம் பங்குப் பேரவைக் கூட்டத்தில் எவரும் கேட்டதாக நமக்கு நினைவில்லை. மூன்றாவது கேள்வியைக் கட்டாயம் கேட்டிருக்க வேண்டும்.

இதே நகரில் எடை இருபக்கமும் சாய்ந்திருக்கிறது. மெரினாவில் காவல்துறைத் தலைமையகமாக நிற்கும் வெள்ளைக் கட்டடம் 1839-ல் பிரீமேசன் சபைக்காகக் கட்டப்பட்டது. 1865-ல் காவல்துறை மாதம் 90 ரூபாய் வாடகைக்கு அதை எடுத்து, 1874-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கியது. 1993-ல் அதை இடித்துப் பத்துமாடி கட்ட அரசு எண்ணியபோது, இன்டாக் அமைப்பினர் நீதிமன்றம் சென்றனர். கட்டடம் பிழைத்தது, பழுதுபார்க்கப்பட்டு இன்றும் பயன்படுகிறது. மவுண்ட்ரோட்டு பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் 1897-ல் எழுந்தது. 2006-ல் இடிக்கத் தொடங்கிய வேளையில் உயர்நீதிமன்றம் தடுத்தது. மறுபக்கம், 1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பின் தூண் வரிசை கொண்ட பழைய மாளிகை போயே போயிற்று. அந்த வளாகத்தில்தான் 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ அங்காடி திறக்கப்பட்டது. அதே கிளப் இன்று அடையாற்றங்கரையில் மௌப்ரேயின் பழைய வீட்டில் இருக்கிறது, வீடு நிற்கிறது. பிராடி காஸிலும் நிற்கிறது. 1956 முதல் அங்கே இசைக் கல்லூரி நடந்து வருகிறது. பிழைத்த வீடுகளைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அவற்றில் அன்றாடம் ஏதோ வேலை நடந்துகொண்டிருந்தது. பூட்டிக்கிடந்த வீட்டுக்குப் பரிந்து பேச ஆள் கிடைப்பது கடினம்.

பழையதை இடிப்பதே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நம் சாந்தோம் பேராலயத்தை எங்கே வைப்பது? போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய ஆலயம் அங்கே நின்றது. ஆயர் ஹென்ரிக் ரீட் த சில்வா காலத்தில், 1893-ல் அதை இடித்து, 1896-ல் இன்று நாம் காணும் ஆலயத்தை முடித்தார்கள். அன்று பழைய ஆலயத்துக்காக யாராவது அழுதிருக்கலாம். ஆனால் புனித தோமையாரின் கல்லறையை அவர்கள் நகர்த்தவில்லை. அதைச் சுற்றியே புது ஆலயத்தை வகுத்து, அதன் நேர்மேலே ஒரு கோபுரத்தையும் எழுப்பினார்கள். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவர்கள் முதலில் முடிவு செய்தார்கள். பிறகு கடப்பாரையை எடுத்தார்கள். மனை விலை அந்தப் பேச்சில் வந்திருக்க வழியில்லை.

நம் பங்களாவில் விடக்கூடாதது எது? இங்கேதான் பத்திரத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. இந்த வீட்டை நம் பங்குக்கு எழுதி வைத்தவர் ஒரு விதவைத் தாயார். 'சுவாமியார் வாசத்துக்கும், ஏழைப் பிள்ளைகள் படிப்புக்கும்' என்பது அவர் வாசகம். திருச்சபைச் சட்டம், 1300-ஆம் எண், விசுவாசிகள் நற்காரியத்துக்கென்று எழுதி வைத்த விருப்பத்தை மிகக் கவனமாக நிறைவேற்றவேண்டும் என்கிறது. சொத்தைப் பிறருக்கு விடுவதானால் 1293-ஆம் எண் நியாயமான காரணமும், வல்லுநர் எழுதித் தந்த மதிப்பீடும் கேட்கிறது. 1292-ஆம் எண் இன்னும் ஒரு படி மேலே போகிறது: கலையாலோ வரலாற்றாலோ அருமையான பொருளைக் கைவிட உரோமாபுரியின் அனுமதியும் வேண்டும். 'நாம் விற்கவில்லையே, கூட்டு ஒப்பந்தந்தானே' என்று சிலர் சொல்கிறார்கள். கூட்டு ஒப்பந்தத்தில் கட்டுபவரின் பங்குக்கு வரும் ஒவ்வொரு பிளாட்டோடும் பிரிக்கப்படாத மனைப் பங்கும் கிரயமாகிறது. வேறு பெயரில் அதுவும் விற்பனையே. இதைப் பேரவையினர் மறைமாவட்ட அலுவலகத்தில் தெளிவாகக் கேட்டு எழுத்தில் வாங்குவது நல்லது.

இடிக்க வேண்டும் என்போர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் இது வரலாறு ஆகாது. நமக்குக் கல்யாண மண்டபம் இல்லை. வருமானம் குறைந்த குடும்பம் தன் பெண்ணின் கல்யாணத்துக்கு வெளி மண்டபத்துக்குக் கொடுக்கும் பணம் கொஞ்சமா? மாலையில் படிக்க வரும் பிள்ளைகள் வராந்தாவில் நெருக்கி உட்காருகிறார்கள். மழைக்காலத்தில் பங்குத் தந்தையின் படுக்கையறையில் மூன்று வாளிகள் வைக்கப்படுகின்றன. அந்தத் தாயார் இன்று இருந்தால், 'படிப்புக்கென்றுதானே எழுதினேன், இடித்துப் பெரிய வகுப்பறை கட்டுங்கள்' என்று அவரே சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

ஆனால் அறிக்கையில் இன்னும் சில இடங்கள் காலியாக இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தெருக் குடும்பங்கள் குழந்தைகுட்டிகளோடு தங்கியது இந்தப் பங்களாவின் மாடியில்தான். நாலடி உயர மேடைமேல் கட்டிய வீடாதலால் தண்ணீர் கடைசிப் படியோடு நின்றுவிட்டது. சுற்றியிருந்த புதுக்கட்டடங்களின் கீழ்த்தளமெல்லாம் மூழ்கியது. அந்த நாலடிக்கு எந்தக் கட்டத்தில் விலை போடுவது? ஞானஸ்நானப் பதிவேடு பார்க்க வந்து, வராந்தா பெஞ்சில் காத்திருந்து, அங்கேயே சம்பந்தம் பேசி முடித்த குடும்பங்கள் நம் பங்கில் எத்தனை! இவற்றை ரூபாயாக மாற்றச் சொல்லவில்லை. மனை ஒரு தொகையென்றால் மறுதட்டில் வெறும் கோடு மட்டும் வைத்து எடைபோட்டோம் என்பதையே சொல்கிறோம்.

பழுதுபார்க்கும் பக்கத்தில் ஒரே ஒரு மதிப்பீடுதான் கைவசம் இருக்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த பொறியாளர் ஒருவர் இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொன்னது இது: குளியலறைக்கு மேலுள்ள இரண்டு உத்தரங்களை மாற்றவேண்டும், மொட்டைமாடிச் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புத் தளம் போடவேண்டும், சுவர்களும் அடித்தளமும் நன்றாக இருக்கின்றன. பின்புறம் பழைய வண்டிக்கொட்டில் நின்ற இடம் ஒன்றரைக் கிரவுண்டுக்குக் குறையாது. பங்களாவைத் தொடாமலே அங்கே ஒரு மண்டபமும் மேலே வகுப்பறைகளும் கட்ட இடமுண்டு என்றும் சொன்னார். விதிப்படி எத்தனை சதுர அடி தேறும் என்பதை அவர் இன்னும் வரைந்து தரவில்லை. அது வந்தபிறகே இரண்டு பக்கமும் ஒப்பிட முடியும். அதுவரை கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம் என்று நாம் பேரவையில் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஜூபிலித் திருப்பலியை அடுத்து வரும் இரண்டு ஞாயிறுகளிலும், காலைப் பூசை முடிந்ததும் பங்களா முழுவதும் பங்கு மக்களுக்காகத் திறந்திருக்கும். மதிப்பீட்டு அறிக்கையின் நகலும், தாயாரின் பத்திர நகலும், பொறியாளரின் குறிப்பும் அலுவலக அறை மேசைமேல் இருக்கும். பங்களாவின் பழைய புகைப்படம், கொத்தனார் கூலிச் சீட்டு, கிணறு இருந்த காலத்துப் படம் எது வைத்திருந்தாலும் கொண்டுவந்து காட்டுங்கள். பார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிடுவோம். மாடிப்படியில் மேலிருந்து மூன்றாவது பலகை ஆடுகிறது. முதியோர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறவும்.